இருநூற்று எண்பத்து நாலாவது இலை

அந்தப் பல்கலைக்கழகத்தின் பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் இன்றைக்கும் இரண்டு பக்கத்தாரும் "எங்களைத்தான் சொல்கிறான்" என்று வந்து நிற்பார்கள். நெல்லைச் சீமையில், காற்றாலைகள் சுற்றுகிற ஒரு பொட்டலில் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அது தேர்தல் வருஷம். மாணவர்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். ஊற்று மாணவர் மன்றம் என்று ஒரு கூட்டம், சுடர் மாணவர் பேரவை என்று இன்னொரு கூட்டம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடி கொண்டாடினானோ என்னவோ, ஒரு நாள் மத்தியானம் விடுதி மெஸ்ஸில் வாய்ப்பேச்சு முற்றி சாம்பார் வாளி பறந்தது.

மறுநாளே மாணவர் நல டீன் எஸ்தர் நவமணி களத்தில் இறங்கினாள். புள்ளியியல் பேராசிரியை, நாற்பத்தெட்டு வயது. யார் பக்கமும் சாயாதவள் என்று பேர் வாங்கியவள். அந்தப் பேருக்கு ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாதே என்கிற கவலையும் அவளுக்கு உண்டு.

மூன்று நாள் மெஸ் வாசலில் கடிகாரத்தோடு நின்றாள். ஒரு மாணவன் சாப்பிட சராசரியாகப் பத்தொன்பது நிமிஷம் ஆகிறது என்று கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் அட்டவணை ஏறியது. பன்னிரண்டு முதல் பன்னிரண்டே முக்கால் வரை ஊற்று. பிறகு மணி அடிக்கும். பன்னிரண்டே முக்கால் முதல் ஒன்றரை வரை சுடர். அவரவர் பட்டியலில் அவரவர் கையெழுத்துப் போட வேண்டும்.

கட்சி கிட்சி என்று ஒன்றும் இல்லாத பிள்ளைகள் பாதிப் பேர். "நாங்க எதுல மேடம் போட?" என்று கேட்டார்கள்.

"எதுலயாவது போடுங்கப்பா. சாப்பாட்டுக்குத்தானே" என்றாள்.

சோறு வேண்டுமே, போட்டார்கள். ஊற்றில் நூற்றைம்பது பேர். சுடரில் நூற்று முப்பத்து மூன்று பேர். ஒன்று மட்டும் விடுபட்டது. இருநூற்று எண்பத்து நாலில் ஒன்று. புள்ளியியலில் அதைப் பிழை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். எஸ்தரும் சொல்லவில்லை.

பதினோரு நாள் மெஸ்ஸில் ஒரு சத்தம் கிடையாது. துணைவேந்தர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். சோற்றுக்காகக் கையெழுத்துப் போட்ட பிள்ளைகள் ஒரு வாரத்தில் அந்தந்தப் பக்கத்துப் பேச்சைப் பேச ஆரம்பித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அமைதியாக இருக்கிறதே, அது போதாதா?

வியாழக்கிழமை சாயங்காலம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் மயங்கி விழுந்தான். பேர் இசக்கிராஜா. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்தர் சுகாதார மையத்துக்குப் போனபோது அவன் கையிலிருந்து குளுக்கோஸ் ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா ஆச்சு? காய்ச்சலா?"

"இல்ல மேடம்."

"பின்னே?"

"சரியா சாப்பிடல."

"எத்தன நாளா?"

அவன் நர்ஸைப் பார்த்தான். நர்ஸ் சொன்னாள். "பதினோரு நாளா பெட்டிக்கடை பன்னும் டீயும்தானாம் மேடம்."

எஸ்தருக்கு அப்போதுதான் அந்த ஒன்று ஞாபகம் வந்தது.

"நீதான் கையெழுத்துப் போடாத பையனா? ஏன் போடல? உனக்கு எது வேணுமோ அதுல போட்டிருக்கலாமே."

"என் ரூம்ல பால்துரையும் சுடலைமணியும் இருக்காங்க மேடம். பால்துரை ஊற்றுல செயலாளர். சுடலை சுடர்ல. அஞ்சு வருஷமா மூணு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். இப்ப ஒருத்தன்கூடப் போய் உக்காந்தா இன்னொருத்தன் மூஞ்சிய எப்படிப் பாக்கது?"

"அவங்க உன்னத் திட்டினாங்களா?"

"இல்ல. ரெண்டு பேரும் வாலேன்னுதான் கூப்பிட்டாங்க. அதான் போக முடியல."

பத்தொன்பது நிமிஷக் கணக்கில் இது வரவே இல்லையே என்று எஸ்தருக்குத் தோன்றியது. "சாப்பாட்ட உன் ரூமுக்கே அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் என்ன தீட்டுக்காரனா மேடம், தனியா வச்சுத் திங்க?"

கதவருகில் ஒருவர் எழுந்து நின்றார். காக்கிச் சட்டை, தோளில் துண்டு. பையனின் அப்பா பேச்சிமுத்து. உப்பு லாரி ஓட்டுகிறவர். விடியுமுன்னே சேதி கேட்டு, லோடோடு அப்படியே வந்து சேர்ந்திருந்தார்.

"டீச்சரம்மா, நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். "சண்டை போடணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. படிக்கது எதுக்கு? சோத்துக்குத்தான். அந்தச் சோறே எறங்கலன்னா இந்தப் படிப்பு எதுக்கு, சொல்லுங்க? டிசிக்கு எழுதி உங்க ஆபீஸ்ல குடுத்துட்டேன். மூணு மணிக்கு வண்டிய எடுக்கணும். அதுக்குள்ள ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருங்க."

"ஐயா, இன்னும் நாலு மாசம்தான். முடிச்சான்னா..."

"நாலு மாசம் பன் தின்னே கெடப்பானா?"

எஸ்தர் அலுவலகத்துக்கு வந்தாள். மேஜைமேல் அந்த விண்ணப்பம் இருந்தது. காரணம் என்ற இடத்தில், சொந்தக் காரணம் என்று பையன் எழுதியிருந்தான். சொந்தக் காரணமா இது? நம் கையால் ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. விண்ணப்பத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு தாணுமாலயன் சாரைத் தேடிப் போனாள்.

தாணுமாலயன் அவளுக்கு முனைவர் பட்ட வழிகாட்டி. ஓய்வு பெற்ற பிறகும் துறையின் பின்கட்டில் ஓர் அறை கொடுத்து வைத்திருந்தார்கள். அதிகம் பேச மாட்டார். அவரிடம் சந்தேகம் கேட்கப் போனவர்கள் பதிலோடு திரும்பியதைவிட வேலையோடு திரும்பியதுதான் அதிகம். எஸ்தர் அவரிடம் படித்த நாலரை வருஷத்தில் அவர் அவளிடம் "நல்லது" என்று சொன்னது இரண்டே தடவை. இரண்டும் அவள் "எனக்குத் தெரியல சார்" என்று சொன்னபோது.

அவர் அறையில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்றாக.

எஸ்தர் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடலையை மென்றுகொண்டே கேட்டார்.

"சார், ரெண்டு பக்கத்துக்கும் சமமாத்தான் செஞ்சேன். ஒரு நிமிஷம் கூடக் குறையக் கிடையாது."

"ம்."

"இருநூத்தி எண்பத்து மூணு பேரு சரியாயிட்டாங்க. ஒருத்தன்தான்..."

"முத வகுப்புல உனக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?"

அவள் யோசித்தாள். மாதிரி எடுத்தல் பற்றிய முதல் வகுப்பு. "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"அந்த ஒரு சோறு வெந்திருக்கா?"

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், நேராவே கேக்கேன். இந்தப் பிள்ளைங்கள ஒருத்தர ஒருத்தர் மதிக்க வைக்கது எப்படி?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"அந்தப் பையனோட அப்பா சாப்பிட்டாரா?"

"தெரியல சார்."

"கேக்கலியா?"

"கேக்கல."

"ராவெல்லாம் வண்டி ஓட்டி வந்த மனுஷன். சாப்டியளான்னு கேக்கல."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எஸ்தருக்குக் காது சூடாகிவிட்டது. நம்ம பக்கத்தில் வாசலில் வந்து நிற்கிற கடன்காரனைக்கூட அப்படிக் கேட்காமல் விடுவதில்லையே.

தாணுமாலயன் எழுந்து செருப்பை மாட்டினார்.

"எனக்கும் பசிக்கு. வா, அவங்களையும் கூட்டிட்டுப் போவோம்."

"எந்தப் பந்திக்கு சார்?"

"சோறு போடுத பந்திக்கு."

மெஸ்ஸில் மற்ற நாளெல்லாம் தட்டு. வெள்ளிக்கிழமை மட்டும் இலை. பல்கலைக்கழகம் தொடங்கிய வருஷத்திலிருந்து உள்ள வழக்கம். நீள மேஜைகளில் வரிசையாக வாழை இலை, கூட்டு, பொரியல், அப்பளம், கடைசியில் பாயசம். முந்தின வெள்ளி உள்ளூர்த் திருவிழாவுக்கு விடுமுறையாகப் போய்விட்டது. ஆகவே அட்டவணை வந்தபின் இதுதான் முதல் இலைச் சாப்பாடு.

வாசலில் பட்டியலோடு ஒரு மாணவன் நின்றான். இசக்கிராஜாவைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேச்சிமுத்துவைப் பார்த்தான். தாணுமாலயனைப் பார்த்தான்.

"சார், மன்னிக்கணும். உங்க பேரு லிஸ்ட்ல இல்ல."

"நான் ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு. எப்படி இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே தாணுமாலயன் உள்ளே போய்விட்டார்.

மூன்று பேரும் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். தாணுமாலயன், அவருக்கு ஓர் இடம் விட்டுப் பேச்சிமுத்து, அடுத்து இசக்கிராஜா. எதிர் வரிசையிலிருந்து பால்துரை எழுந்து வந்து இசக்கிராஜாவுக்கு இடப்பக்கத்து இலையில் உட்கார்ந்தான்.

"வந்துட்டியால" என்றான்.

எஸ்தர் சுவரோரம் நின்றாள். அவள் உட்காரவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தால் ஊற்று என்பார்கள். இரண்டாவதில் உட்கார்ந்தால் சுடர் என்பார்கள். இத்தனை நாளில் அவள் மெஸ்ஸில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

சோறு வந்தது. சாம்பார் வந்தது. பேச்சிமுத்து கும்பிட்டுவிட்டுப் பிசைந்தார். தாணுமாலயன் ஒரு கவளம் எடுத்தார். அதை மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். புள்ளியியல் துறையில் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள், தாணுமாலயன் சார் பக்கத்தில் இலைபோட்டு உட்கார்ந்தால் அன்றைக்கு மத்தியான வகுப்பு அம்போ என்று.

இசக்கிராஜா இலையைத் தொடவில்லை.

பன்னிரண்டரைக்கு நூற்றுச் சொச்சம் இலைகள் காலி. பன்னிரண்டு நாற்பதுக்கு எல்லா இலையும் காலி, இரண்டைத் தவிர. தாணுமாலயன் இன்னும் சாம்பாரில் இருந்தார். இசக்கிராஜா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

எப்படி எழுந்திருப்பது? தட்டு என்றால் அவனவன் பாட்டுக்கு அலம்பி வைத்துவிட்டுப் போகலாம். இலை என்று வந்துவிட்டால் பந்தி மரியாதை வந்துவிடும். பக்கத்து இலையில் ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்தால் அவரை அவமதித்த மாதிரி. இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. அவனவன் அம்மா முதுகில் ஒன்று வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அதுவும் ஒரு பெரிய மனுஷர், ஊர் விருந்தாளி ஒருவர், சீக்காளிப் பிள்ளை ஒருவன். நூற்றைம்பது பேரும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டே முக்கால். வாசலில் சுடர்க் கூட்டம் வந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முணுமுணுப்புக் கேட்டது.

பன்னிரண்டு ஐம்பது. மெஸ் சூபர்வைசர் ஓடிவந்தார்.

"மேடம், பாயசம் ஆறுது. வெளிய பையங்க கொதிக்காங்க. மணி அடிச்சிரட்டா?"

"இருங்க" என்று சொல்லிவிட்டு எஸ்தர் தாணுமாலயனிடம் போனாள். குனிந்து மெல்லச் சொன்னாள்.

"சார், கொஞ்சம் சீக்கிரம்..."

"இன்னும் ரசமே வரல."

"அடுத்த பந்தி நிக்குது சார்."

"எங்க நிக்குது?"

"வாசல்ல."

அவர் நிதானமாகத் திரும்பி வாசலைப் பார்த்தார். பிறகு மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முந்நூறு பேர் உட்காருகிற மண்டபம். பாதி இடம் காலியாகக் கிடந்தது. அவர் அப்பளத்தை ஒடித்தார்.

அப்போதுதான் பேச்சிமுத்து வாசலில் ஒரு முகத்தை அடையாளம் கண்டார்.

"ஏலே சுடலை!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. லாரிக்காரர் குரல் அல்லவா? ரெண்டு பர்லாங்குக்குக் கேட்கும்.

"என்னலே அங்க நிக்கே? எடந்தான் இவ்வளவு கெடக்குல்லா. வந்து உக்காரு."

சுடலைமணி நெளிந்தான். போன கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவனும் பால்துரையும் அவர் வீட்டில் மூன்று நாள் தின்று தூங்கியவர்கள்.

"எங்க டைமுக்கு இன்னும் மணி அடிக்கல மாமா."

"மணி ஒண்ணாவப் போகுது, இன்னும் என்னலே டைமு? பசிக்கலியா ஒனக்கு?"

"பசிக்கு."

"பின்னே?"

சுடலைமணி எஸ்தரைப் பார்த்தான். வாசலில் நின்ற அத்தனை பேரும் எஸ்தரைப் பார்த்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள். சூபர்வைசர் மணிக் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். தாணுமாலயன் மட்டும் பார்க்கவில்லை. அவர் மென்றுகொண்டிருந்தார்.

மணி அடித்தால் முதல் பந்தி எழுந்துவிடும். அட்டவணை பிழைக்கும். சாம்பார் வாளி பறக்காது. துணைவேந்தர் நாளைக்கும் கைகுலுக்குவார். மூன்று மணிக்கு உப்பு லாரி கிளம்பும்.

கதவைத் திறந்துவிட்டால்? அடிதடி வந்தால் யார் பதில் சொல்வது? அவள்தான் சொல்ல வேண்டும்.

பையனைப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்காமல் ஆறிப்போன சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கயித்த விடுங்க" என்றாள் சூபர்வைசரிடம். "காலியா இருக்க எடத்துல எல்லாம் இலை போடுங்க."

"மேடம், ரெண்டு பேரும் ஒண்ணாவா? நான் சொல்லுதேன், வேண்டாம்..."

"போடுங்க. எனக்கும் ஒண்ணு போடுங்க."

இலை போட்டார்கள். யாரும் உடனே வந்து உட்கார்ந்துவிடவில்லை. வாசலில் ஒருத்தன் "இது என்ன புதுக்கூத்து" என்றான். இரண்டு பேர் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்பே செய்தார்கள். வெளியில் நின்றவர்கள் எங்கே நடந்து வெளியே போவது? மரத்தடி வரைக்கும் போய், பாயச வாசனைக்குத் திரும்பி வந்தார்கள். முதலில் உள்ளே வந்தவன் சுடலைமணிதான். மாமா கூப்பிட்டுப் போகாமல் இருக்க முடியாது என்கிற முகத்தோடு வந்தான். இசக்கிராஜாவுக்கு வலப்பக்கம் அப்பா. ஆகவே பேச்சிமுத்து எழுந்து ஓர் இடம் தள்ளிக்கொண்டார். அவர் எச்சில் இலையையும் கையோடு நகர்த்திக்கொண்டார்.

சுடலைமணி உட்கார்ந்தான். இசக்கிராஜாவின் தலைக்கு மேலே அவனும் பால்துரையும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

"இவன் பதினோரு நாளா பன்னு தின்னது ஒனக்குத் தெரியுமாலே?" என்றான் பால்துரை.

"உன்கூடத் திங்கான்னு நெனச்சேன்."

"நான் உன்கூடத் திங்கான்னு நெனச்சேன்."

"ஒரே ரூம்லதான கெடக்கோம்! நீ கேக்க வேண்டியதுதான?"

"நீ மட்டும் கேட்டியாக்கும்?"

இரண்டு பேருக்கும் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து இசக்கிராஜாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வாயத் தொறந்து சொன்னா என்னலே, மூதி?"

"சாவப் பாத்தியேலே!"

இசக்கிராஜாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. குனிந்துகொண்டு சோற்றில் கை வைத்தான். முதல் வாய் உள்ளே போனது. பேச்சிமுத்து வேறு பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. ஊற்றுக்காரர்களுக்கு நடுவே இருந்த காலி இலைகளில் சுடர்க்காரர்கள். இடித்துக்கொண்டு, முகம் சுளித்துக்கொண்டு. பரிமாறுகிறவர்கள் திண்டாடினார்கள். சாப்பிட்டு முடித்தவனுக்கு வேலை இல்லை. பக்கத்தில் இருப்பவன் இலை மடிகிறவரை எழுந்திருக்கவும் முடியாது. வாய் சும்மா இருக்குமா? பேச்சு தொடங்கிவிட்டது.

முதலில் பாயசத்தைப் பற்றி. பிறகு கட்டண உயர்வைப் பற்றி. பிறகு அப்பட்டமாகத் தேர்தலைப் பற்றி. எஸ்தர் தாணுமாலயனின் எதிரே உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தபோது மூலை மேஜையில் குரல் ஏறியது.

"உங்க தலைவர் சொன்னது பச்சப் பொய்யி!"

"எது பொய்யி? நீ படிச்சியா? மொதல்ல அத முழுசாப் படி!"

"படிச்சிட்டுத்தான் சொல்லுதேன்!"

யாரோ ஒருத்தன் மேஜையைத் தட்டினான். தம்ளர் ஒன்று உருண்டது. எஸ்தர் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"உன் இலை முடியல" என்றார் தாணுமாலயன். "உக்காரு."

"சண்டை வரப்போகுது சார்!"

"வந்துட்டுதே."

"அதான் சார்..."

"யாராவது எந்திரிச்சாங்களா?"

அவள் பார்த்தாள். மூலை மேஜையில் நாலைந்து பேர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. கத்துகிறவனுக்கு எதிரே இருந்தவன் வாயில் சோறு. அவன் கையைக் காட்டி, இரு, முழுங்கிட்டுச் சொல்லுதேன் என்றான். கத்தியவன் காத்திருந்தான். வேறு வழி? அந்த இடைவெளியில் அவனுக்கே தன் வாதம் கொஞ்சம் மறந்துபோயிற்று போல; "சரி, நீ சொல்லு" என்றான்.

எஸ்தர் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். பதினோரு நாள் அமைதியில் அவளுக்குப் பசித்ததே இல்லை. இந்த இரைச்சலில் இரண்டு தடவை சோறு வாங்கினாள்.

மெஸ்ஸில் கடைசி இலை மடிந்தபோது மணி இரண்டேகால். அன்றைக்கு மத்தியானம் ஒரு துறையிலும் வகுப்பு நடக்கவில்லை. சூபர்வைசர் இலைகளை எண்ணிக்கொண்டு வந்து, மாணவர் இலை மட்டும் இருநூற்று எண்பத்து நாலு என்று பொறுமலோடு சொன்னார். எண்ணிக்கை இடிக்கிறதாம். நேற்றுவரை ஒன்று குறைவாகத்தானே இருந்தது?

கை கழுவுகிற இடத்தில் பேச்சிமுத்து மகனைக் கேட்டார்.

"பொட்டி கட்டிட்டியா?"

இசக்கிராஜா திரும்பிப் பார்த்தான். பின்னால் பால்துரையும் சுடலைமணியும் நின்றார்கள்.

"சோறு எறங்குச்சா?"

"எறங்குச்சுப்பா."

"அவ்வளவுதான வேணும் எனக்கு" என்றார் பேச்சிமுத்து. எஸ்தரிடம் வந்து கையை நீட்டினார். "அந்தக் கடுதாசியக் குடுங்க டீச்சரம்மா. பையன் ராத்திரிக்கு இங்கதான் சாப்பிடுவான்."

அவள் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. எஸ்தருக்கு அதுவும் சுருக்கென்றது. அதுவும் நியாயம்தான்.

லாரி கிளம்பிப் போன பிறகு தாணுமாலயனோடு அவள் துறைவரைக்கும் நடந்தாள். வெயில் கொளுத்தியது. பாதி வழியில் கேட்டேவிட்டாள்.

"சார், இன்னைக்கு இலை. அதனால உக்காந்தாங்க. நாளைக்குத் தட்டு. தின்னதும் எந்திரிச்சிப் போயிருவாங்க. அந்தப் பையன் மறுபடியும் வாசல்லயே நின்னுட்டான்னா?"

"ம்."

"எல்லாரும் ஒண்ணா உக்காரணும்னு ஒரு சர்க்குலர் போடட்டுமா?"

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"இல்ல, தினமும் இலை போடச் சொல்லட்டுமா? கட்டுப்படி ஆகாது. ஆனா கேட்டுப் பாக்கலாம். இல்லன்னா ரெண்டு பக்கமும் சமமா ஆள் எடுத்து ஒரு குழு..."

தாணுமாலயன் நின்றார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"எஸ்தர்."

"சார்?"

"நாளைக்கு மத்தியானம் உனக்குப் பசிக்குமா?"

"பசிக்கும் சார்."

"பிறகென்ன? வந்து உக்காரு."